உண்ணி கடித்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டமும் காடும் ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு. இரண்டு பசுக்கள், ஒரு நாய். உண்ணி எங்களுக்கு அன்றாடச் சங்கதி. மாட்டின் காதில் இருந்தால் பேசிக்கொண்டே பிடுங்கிப் போடுகிறோம். அதே உண்ணி ஒரு குழந்தையின் கழுத்தில் இருந்துவிட்டால், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சுண்ணாம்பு என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீடே ஓடிவருகிறது. கெடுதல் பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான் நடக்கிறது. அக்கம்பக்கத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தோலில் உண்ணி கடித்துக்கொண்டிருக்கிறது. இப்போதே என்ன செய்ய வேண்டும்?

நகத்தால் கிள்ளாதீர்கள். நுனி கூர்மையான முள்வாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் தைத்த முள்ளை எடுக்கப் பெரியவர்கள் வைத்திருப்பார்களே, அதன் இரு நுனியும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து கவ்வினால் அதுவே போதும். இல்லையென்றால் மருந்துக் கடையில் கூர்நுனி ட்வீசர் என்று கேட்டு வாங்குங்கள். புருவம் திருத்தும் தட்டை நுனி ட்வீசர் இரண்டாம்பட்சம்தான். அது உண்ணியின் வயிற்றையும் சேர்த்து நசுக்கிவிடும்.

கடிபட்டவரை நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். முடி மறைத்தால் தண்ணீர் தொட்டு ஒதுக்குங்கள். உண்ணியின் பருத்த உடலைப் பிடிக்கக் கூடாது. அதன் வாய் தோலுக்குள் இறங்கும் இடத்தில், முள்வாங்கியின் நுனி தோலை உரசுகிற அளவுக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். பிடித்த பிறகு திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், நேராக மேல்நோக்கி ஒரே சீராக இழுங்கள். தோல் கூடாரம்போலச் சற்று மேலெழும்பும். பலர் பயந்து கையை விடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள். இழுப்பைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே வைத்திருங்கள். சில நொடிகளில் பிடி தளர்ந்து முழுதாக வந்துவிடும். அதன் வாயோடு தோலின் சிறு துணுக்கு ஒன்று வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பிறகு கடித்த இடத்தையும் உங்கள் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட்டோ போவிடோன் அயோடினோ இருந்தால் காயத்தில் தடவுங்கள். வேலை இவ்வளவுதான். காத்திருக்க வேண்டாம், வீட்டிலேயே எடுக்க முடியும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அதைத் தோலில் விட்டுவைக்கத் தேவையில்லை. உண்ணி எத்தனை நேரம் இரத்தம் குடிக்கிறதோ, அதன் உமிழ்நீர் அத்தனை நேரம் நம் உடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

மண்ணெண்ணெய் ஊற்றினாலோ சூடு காட்டினாலோ தானாக விழுந்துவிடும் என்கிறார்களே?

இந்தப் பழக்கம் அட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைக்கு உப்போ புகையிலைத் தண்ணீரோ பட்டால் சுருண்டு விழுந்துவிடும். உண்ணியின் கதை வேறு. அதன் வாயின் நடுவில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருக்கின்றன. தூண்டில் முள்போல உள்ளே போகும், எளிதில் வெளியே வராது. போதாததற்குப் பல வகை உண்ணிகள் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து தம்மைத் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன. நினைத்தவுடன் வாயை எடுத்துக்கொண்டு ஓட அவற்றால் முடியாது.

மூச்சடைத்துச் சாகட்டும் என்று வாசலினோ எண்ணெயோ நகப்பூச்சோ தடவுகிறார்கள். உண்ணி ஒரு மணி நேரத்தில் சில முறை மட்டுமே மூச்சு விடும் உயிர். அது மூச்சுத் திணறிச் சாவதற்குள் உங்கள் பொழுது போய்விடும். அதைவிட மோசம், எரிச்சல்பட்ட உண்ணி தன் உமிழ்நீரையும் வயிற்றில் இருப்பதையும் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். நோய்க்கிருமி இருந்தால் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

எங்கள் உறவினர் வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தையின் பிடரியில் உண்ணி. ஊதுபத்தியின் கங்கை அதன்மேல் வைத்தார்கள். குழந்தை திமிறியது, கங்கு தோலில் பட்டது, உண்ணியின் உடல் பொசுங்கிப் பிய்ந்தது, வாய் உள்ளேயே நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கடுகளவு கரும்புள்ளியைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். உண்ணிக் கடி இரண்டு நாளில் ஆறியிருக்கும். சுட்ட புண் ஆற மூன்று வாரம் ஆனது, தழும்பும் நின்றுவிட்டது. தயவுசெய்து நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

இழுக்கும்போது தலை உள்ளேயே அறுந்துவிட்டது. விஷம் ஏறுமா?

ஏறாது. உள்ளே நிற்பது பெரும்பாலும் வாயின் முள் பகுதி மட்டும்தான். உடல் இல்லாமல் அதனால் இரத்தம் குடிக்கவும் முடியாது, வளரவும் முடியாது. முள்வாங்கியால் சுலபமாக எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் ஊசியால் கிளறிப் புண்ணாக்காமல் விட்டுவிடுங்கள். சிலாம்பு வெளியேறுவதுபோலத் தோலே அதைத் தள்ளிவிடும். சிவந்து வீங்கினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடுத்த உண்ணியை என்ன செய்வது?

இரு கட்டைவிரல் நகங்களுக்கிடையே வைத்து ‘டப்’ என்று நசுக்குவது நம் வீடுகளில் வழக்கம். மாட்டுக்காரர்கள் விரலில் எப்போதும் ஒரு கீறலாவது இருக்கும். தெறிக்கும் இரத்தம் அதில் படும், கண்ணிலும் படலாம். ஸ்பிரிட் உள்ள சிறு குப்பியில் போடுங்கள், அல்லது ஒட்டு நாடாவில் வைத்து மடித்து ஒட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் சரி. அன்றைய தேதியையும் கடித்த இடத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால், மருத்துவருக்கு அந்தக் குறிப்பு ஒரு இரத்தப் பரிசோதனைக்குச் சமம்.

‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தித்தாளில் வருகிறதே, அது இதனால் வருவதுதானா?

இந்தக் குழப்பத்தை நிதானமாகத் தீர்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதப்படுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் நாய் உண்ணியோ மாட்டு உண்ணியோ கிடையாது. புதர்களிலும் எலி நடமாடும் வரப்புகளிலும் வாழும் நுண்ணிய பூச்சி ஒன்றின் இளம் பருவம் அது. வெறும் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அது கடித்தது யாருக்கும் தெரியாது, முள்வாங்கியால் எடுக்கவும் எதுவும் இருக்காது.

ஆகவே, ‘என் உடம்பில் உண்ணியே இல்லை, எனக்கு உண்ணிக் காய்ச்சல் வராது’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடித்து ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். பலருக்கு, எல்லாருக்கும் இல்லை, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பு என்று மறைவிடங்களில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. கூச்சப்பட்டு அதை மருத்துவரிடம் காட்டாமல் திரும்பும் பெண்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற பழகிய மருந்துகளிலேயே குணமாகிற நோய் இது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று பரவி ஆளைக் கொல்லும்.

நிஜ உண்ணியால் நம் பக்கம் என்ன நோய்கள் வருகின்றன?

மனிதர்களுக்கு இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்திய உண்ணி டைபஸ். நாய்மேல் காணும் பழுப்பு உண்ணியால் பரவக்கூடியது. காய்ச்சலோடு உடம்பில் சிவந்த தடிப்புகள் வரும், உள்ளங்கை உள்ளங்கால்களிலும் வரும். இதற்கும் டாக்சிசைக்ளின்தான் மருந்து.

இன்னொன்று எங்கள் மலைக்காரர்களைத் தூங்கவிடாத குரங்குக் காய்ச்சல். 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அந்தக் காட்டுக்குப் போய்வந்த மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். அதனால் இந்த நோய்க்குக் கியாசனூர் காட்டு நோய் என்றே பெயர். நீண்ட காலம் அந்த வட்டாரத்துக்குள் இருந்த நோய், 2012-க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என்று இந்தப் பக்கக் காடுகளிலும் தென்பட்டது. பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை, காட்டு உண்ணியின் இளம் பருவங்கள் காய்ந்த சருகிலும் புல்லிலும் மிகுந்திருக்கும் காலத்தில் வருகிறது.

உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களுக்குள் திடீர்க் காய்ச்சல், முன்மண்டை பிளக்கும் தலைவலி, கடுமையான தசைவலி, வாந்தி. சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு. இது வைரஸ் என்பதால் கிருமியைக் கொல்லும் தனி மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்து உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை, ஆகவே நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டாம்.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாதீர்கள். உயிர் போனதும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கி அங்கேயே சுற்றிலும் பரவியிருக்கும். வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள்.

உண்ணி கடித்த எல்லாருமே மாத்திரை சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான கடிகளால் அரிப்பும் சிறு தடிப்பும் தவிர எதுவும் வருவதில்லை. ஒரு மாதம் கவனமாக இருங்கள். காய்ச்சல், தடிப்பு, கடுந்தலைவலி ஏதாவது வந்தால் அன்றே போங்கள், போனதும் முதல் வாக்கியமாக ‘இன்ன தேதியில் உண்ணி கடித்தது’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்று தேடுவதிலேயே நாட்கள் போய்விடும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் லைம் நோய் என்று பயப்படுகிறாள். நமக்கும் அது உண்டா?

அது பெரிதும் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளின் கவலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற ஊரின் பெயர் அது. நியூ ஜெர்சி, டொராண்டோ பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே மான் நடமாடும் புல்வெளிகளில் கருங்கால் உண்ணி இருக்கிறது. கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரியும் சிவந்த வட்டம் அதன் அடையாளம். அந்த உண்ணியிலிருந்து கிருமி நம் உடலுக்கு மாறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் அன்றன்றே தேடி எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அபாயமான பகுதிகளில், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுப்பதும் அங்கே உண்டு. மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது அது.

காதுக்குள் உண்ணி போய்விட்டது!

முள்வாங்கி, குச்சி, சாவி எதையும் உள்ளே விடாதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செவிப்பறையிலேயே அது கடித்துக்கொண்டிருக்கக்கூடும். தெற்காசியாவில் குழந்தைகளுக்கு இது அபூர்வம் இல்லை, இலங்கையிலும் நிறையப் பதிவாகியிருக்கிறது. இமை ஓரத்தில் கடித்திருந்தாலும் மருத்துவரிடமே போங்கள்.

காட்டுக்கும் தோட்டத்துக்கும் போகாமல் இருக்க முடியாது. எப்படித் தடுப்பது?

உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் குதிப்பதும் இல்லை. புல் நுனியிலோ செடியின் இலையோரத்திலோ ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு முன்கால்கள் இரண்டையும் காற்றில் விரித்து நிற்கும். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் உணரும் உறுப்பு அந்த முன்கால்களில் இருக்கிறது. நாம் உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். ஒரு நாள் காலை, மாடு போகும் தடத்தில் குனிந்து பார்த்தேன். உண்ணிச்செடி இலை ஒன்றின் விளிம்பில் எள்ளளவு உண்ணிகள் ஏழெட்டு, கைநீட்டிக் கேட்பதுபோல நின்றன. என் நிழல் பட்டதும் எல்லாக் கால்களும் ஒரே சமயத்தில் அசைந்தன. அன்றிலிருந்து அந்தத் தடத்தில் நான் லுங்கியோடு போவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது கீழிருந்து மேலாக வழியை அடைப்பதுதான். முழுக்கால் சட்டை, அதன் கால்முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர் நிறத் துணியாக இருந்தால் ஊர்வது கண்ணில் படும். தடத்தின் நடுவில் நடங்கள், சருகுக் குவியலில் உட்காராதீர்கள். கொசுவுக்குப் பூசும் டீட் கலந்த களிம்பு உண்ணியையும் விலக்கும். குழந்தைகளுக்கு உறையில் எழுதியபடி அளவோடு பூசுங்கள். கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் பகுதி மக்களுக்கு அரசே டெபா எண்ணெய் என்ற பூச்செண்ணெய் கொடுக்கிறது. பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் மட்டும் தெளித்துக் காயவைத்து உடுத்தலாம். தோலில் தெளிக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் உடனே குளியுங்கள். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தால் இன்னும் கடிக்காமல் ஊர்ந்துகொண்டிருப்பவை போய்விடும். பிறகு ஒவ்வொரு மடிப்பாகத் தேடுங்கள்: காதின் பின்புறம், மயிரோரம், அக்குள், தொப்புள், முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு. அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் பாவாடை நாடா இறுக்கும் இடத்திலும் கட்டாயம் பாருங்கள். உண்ணியின் உமிழ்நீரில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால் கடித்தது வலிக்காது, தேடினால்தான் தெரியும். கழற்றிய துணியைக் கட்டிலில் போடாமல் வெந்நீரில் ஊறவையுங்கள்.

பொடிப்பொடியாக நூறு உண்ணி காலில் ஏறிவிட்டால்?

முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் அவை. எட்டுக் கால்களுக்குப் பதில் ஆறு கால்களே இருக்கும். ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஒட்டு நாடாவை அழுத்தி அழுத்தி எடுத்தால் கொத்தாக வந்துவிடும். கடித்துவிட்டவற்றைப் பொறுமையாக ஒவ்வொன்றாக முள்வாங்கியால் எடுக்க வேண்டும். அரிப்பு ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். சொறியாதீர்கள்.

நாய்க்கு எத்தனை முறை எடுத்தாலும் உண்ணி வருகிறதே?

நாய்மேல் காண்பது கொஞ்சம், வீட்டில் இருப்பது மிச்சம். பழுப்பு நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போகும். வயிறு முட்டிய பெண் உண்ணி சுவரேறி விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், கூரை ஓரத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். முதிர்ந்த உண்ணி இரத்தமே இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். எனவே நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். சுவர் விரிசல்களைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள், படுக்கைச் சாக்கை எரித்துவிடுங்கள் அல்லது கொதிநீரில் போடுங்கள். நாய்க்கு மாதாமாதம் பிடரியில் விடும் சொட்டு மருந்து, கழுத்துப் பட்டை, வாய்வழி மாத்திரை எல்லாம் இருக்கின்றன. எடைக்கேற்பக் கால்நடை மருத்துவர் சொல்வதையே வாங்குங்கள். வலிப்பு வந்த நாய்க்குச் சில மாத்திரைகள் ஆகாது.

நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் இரத்தம் வந்தால், சிறுநீர் கறுத்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். எர்லிக்கியா, பபீசியா இரண்டும் உண்ணியால் வருபவை. சீக்கிரம் கண்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு சிறு எச்சரிக்கை: நாயின் வயிற்றில் இரு வரிசையாக இருப்பவை முலைக்காம்புகள், ஆண் நாய்க்கும் உண்டு. உண்ணி என்று நினைத்து அதை இழுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மனிதருக்கு வரும் பாலுண்ணி பெயரில் மட்டுமே உண்ணி. அது மரு வகை.

மாட்டுக்கு?

மடி, காதின் உட்புறம், வால் அடி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தினமும் கறக்கும்போதே பாருங்கள். கலப்பினப் பசுக்களுக்கு உண்ணியும் அதனால் வரும் நோயும் நாட்டு மாட்டைவிட அதிகம் தாக்கும். காய்ச்சலோடு கழலை வீங்கினாலோ காப்பி நிறத்தில் மூத்திரம் போனாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள்தூள், உண்ணிச்செடி இலை, துளசி இவற்றை அரைத்து வடிகட்டித் தெளிக்கும் மூலிகை முறையைப் பலர் செய்கிறார்கள். உண்ணி குறைவாக இருக்கையில் எங்கள் வீட்டிலும் அதுதான். நிறைய இருந்தால் மருந்து வேண்டும். அப்போது எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்த நாட்களில் பாலை விற்பனைக்கு ஊற்றாதீர்கள். கொட்டகைச் சுவரின் விரிசலுக்கும் தெளிக்க வேண்டும். கோழி திரியும் கொட்டகையில் உண்ணி கொஞ்சம் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். கோழியும் உண்ணிக்கொக்கும் பொறுக்கித் தின்னும்.

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் மிச்சம் இருக்கிறது. பூனைக்கு விடலாமா?

கூடவே கூடாது. நாய்க்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் உடலால் அதை முறிக்க முடியாது, நடுக்கமும் வலிப்பும் வந்து சாகும். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் ஆபத்து உண்டு, காயும்வரை இரண்டையும் தனித்தனியே வையுங்கள். பூனைக்கென்றே உள்ள மருந்தைக் கேட்டு வாங்குங்கள். தவறிப்போய் விட்டுவிட்டால், பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் உடனே அந்த இடத்தைக் கழுவி, ஈரத்தைத் துண்டால் ஒற்றி, சூடு குறையாமல் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.